பால்கனியில் நின்றவன் கோழையா? ‘தி விட்னஸ்’ படத்தை வைத்து ஒரு சண்டை

கடைசிவரிசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிளைமாக்ஸ் வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.

2018 ஆகஸ்ட்டில் கொரியாவில் வந்த ‘தி விட்னஸ்’ படத்தை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். இயக்கம் ஜோ க்யூ-ஜாங். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் சாங்-ஹூன் கடன் வாங்கி ஒரு அபார்ட்மென்ட் வாங்கிக் குடிவந்திருக்கிறான். மனைவி, ஒரு குழந்தை. ஒரு ராத்திரி குடித்துவிட்டு நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறான். வெளியே ஒரு பெண்ணின் அலறல். பால்கனியில் போய் எட்டிப் பார்த்தால், கீழே ஒருவன் ஒரு பெண்ணைச் சுத்தியலால் அடித்துக் கொல்கிறான். அந்த நேரம் பார்த்துத் தூக்கம் கலைந்து வந்த மனைவி ஹால் லைட்டைப் போடுகிறாள். இவன் பாய்ந்து அணைக்கிறான். கீழே இருப்பவன் நிமிர்ந்து பார்க்கிறான். விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடிகளை எண்ணுகிறான்.

அந்த விரல் காட்சிக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம். சாங்-ஹூன் போலீஸைக் கூப்பிடுவதில்லை. மறுநாள் போலீஸ் வாசலுக்கே வந்து கேட்கும்போதும் எதுவும் பார்க்கவில்லை என்கிறான். அடுத்த நாளும் அதேதான். அவனுடைய பயத்தைப் படம் தொடர்ந்து நியாயப்படுத்திக்கொண்டே போகிறது. கொலைகாரன் பேய் மாதிரி நினைத்த இடத்தில் நிற்கிறான். கடைசியில் ‘தப்பு இவன் மேல் இல்லை, சமூகத்தின் மேல்’ என்று கையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தெரிந்தது.

ரசம்சாதம்

கடைசிவரிசை சார், ஒரு கேள்வி. உங்களுக்கு ஆறு வயதில் பெண் இருக்கிறாள். கீழே நிற்பவனுக்கு உங்கள் வீடு எந்த மாடி என்று தெரியும். நீங்கள் போன் செய்த நிமிடத்திலேயே போலீஸ் அவனைப் பிடித்துவிடும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? பிடிக்காவிட்டால்? அவன் லிஃப்டில் ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும்?

சாங்-ஹூனாக நடித்த லீ சுங்-மின் முகத்தைப் பார்த்தீர்களா? 2014இல் வந்த ‘மிசெங்’ தொடரில் ஆபீஸ் மேலாளராக வந்தாரே, அவரேதான். இதே 2018 ஆகஸ்ட்டில், ஒரு வாரம் முன்னால், ‘தி ஸ்பை கான் நார்த்’ படத்தில் வட கொரிய அதிகாரியாக விறைப்பாக நின்ற மனிதர், இதில் டைனிங் டேபிளில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் சாதாரண அப்பா. அந்தச் சாதாரணம்தான் படம். ஹீரோ வேண்டும் என்றால் பார்க்க வேறு ஆயிரம் படம் இருக்கிறது.

கடைசிவரிசை

ரசம்சாதம், நான் ஹீரோ கேட்கவில்லை. இறங்கிப் போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. மூன்று எண்ணை அழுத்தச் சொல்கிறேன். கொரியாவில் போலீஸுக்கு 112. அவ்வளவுதான்.

அரைகுறைசைக்கோ

இதற்கு உளவியலில் பெயரே இருக்கிறதே, வேடிக்கை பார்ப்போர் விளைவு. நியூயார்க்கில் 1964 மார்ச் 13 அதிகாலை கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை வீட்டு வாசலில் குத்திக் கொன்றார்கள். 38 பேர் ஜன்னலில் நின்று அரை மணி நேரம் பார்த்தார்கள், ஒருவரும் போலீஸைக் கூப்பிடவில்லை. அதன் பிறகுதான் டார்லி, லட்டானே என்ற இருவர் 1968இல் சோதனை செய்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, இன்டர்காமில் ஒருவனுக்கு வலிப்பு வருவது போல ஒலிக்கவிட்டார்கள். தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான்.

அபார்ட்மென்ட்டில் எத்தனை ஜன்னல்! ‘எதிர்வீட்டுக்காரன் கூப்பிட்டிருப்பான்’ என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். படம் இதைத்தான் சொல்கிறது. இதில் கோழை, வீரன் என்று பட்டம் கொடுக்க ஒன்றுமில்லை.

பழையபேப்பர்

அந்த 38 பேர் கதையை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருப்போம்?

நியூயார்க் டைம்ஸ் 1964 மார்ச் 27 அன்று போட்ட செய்தி அது. தலைப்பில் 37 என்று இருக்கும், முதல் வரியில் 38 என்று இருக்கும். எண்ணிக்கையே அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. உண்மையில் முழுத் தாக்குதலையும் பார்த்தவர்கள் மிகச் சிலர். முதல் தாக்குதல் தெருவில், இரண்டாவது கட்டிடத்தின் பின்பக்க வாசலுக்குள்ளே. ஜன்னலில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. ஒருவர் மேலிருந்து அதட்டியதால் கொலைகாரன் முதலில் ஓடியும் போனான், பிறகு திரும்பி வந்தான். சோபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண், கொலைகாரன் இருக்கிறானா போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் இறங்கி ஓடிவந்து கிட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்த முதல் செய்தியில் அவர் இல்லை. 2016இல் கொலைகாரன் சிறையில் செத்தபோது, தங்கள் பழைய செய்தி தப்பு என்று அதே பத்திரிகையே எழுதியது.

ஆனால் ஒருவர் உண்டு. கதவைத் திறந்தார், மாடிப்படிக்குக் கீழே நடப்பதைக் கண்ணால் பார்த்தார், கதவைச் சாத்தினார். முதலில் போன் போட்டது போலீஸுக்கு இல்லை, ஒரு நண்பருக்கு, ‘என்ன செய்யட்டும்’ என்று கேட்க. எனக்கு சாங்-ஹூனைப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. அந்த 38 பேர் ஞாபகம் வரவில்லை.

அரைகுறைசைக்கோ

சரி, 38 தப்பு. ஒத்துக்கொள்கிறேன். சோதனை தப்பு இல்லையே?

பழையபேப்பர்

சோதனை சரி, நீங்கள் அதை ஒட்டவைக்கும் இடம்தான் தப்பு. அந்த மாணவர்களுக்கு வந்தது, ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம். சாங்-ஹூனுக்கு அப்படி ஒரு சாக்கே கிடையாது. அவன் வீட்டு லைட்தான் எரிந்தது. கொலைகாரன் எண்ணியது அவன் மாடியை. பார்த்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் வாயை மூடுகிறான்.

இன்னொன்று. அந்தச் சோதனையில் உதவிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் போய்ப் பார்த்தபோது, பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது, ‘அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று கேட்டிருக்கிறார்கள். அலட்சியமாக இருந்தவர்கள் இல்லை. இதை எழுதியவர்களே டார்லியும் லட்டானேவும்தான். எல்லோரும் 31 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம்.

ரசம்சாதம்

பழையபேப்பர் ஐயா, வாயில் சர்க்கரை போட வேண்டும். இதைத்தான் நானும் சொல்கிறேன். கை நடுங்குகிறவனைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லாதீர்கள்.

கடைசிவரிசை

ஐயோ, நான் கல்நெஞ்சு என்று சொல்லவே இல்லை. அன்றைக்கு ராத்திரி அவனுக்குக் கை நடுங்கியது எனக்கும் புரிகிறது. பத்து நிமிடம் உறைந்து போய் நின்றான், சரி, விட்டுவிடலாம். நான் கேட்பது மறுநாள் காலையைப் பற்றி. காலையில் லிஃப்டில் இறங்கும்போது கை நடுங்கவில்லையே. டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறான். துப்பறிகிற ஜே-யோப் (கிம் சாங்-ஹோ அருமையாகச் செய்திருக்கிறார்) கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். அப்போது வாயை மூடியது நடுக்கமா, கணக்கா?

அங்கேதான் குடியிருப்புப் பெண்கள் சங்கம் வருகிறது. போலீஸ், டிவிக்காரர்கள் யாருக்கும் ஒத்துழைக்க மாட்டோம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். காரணம் என்ன? கொலை நடந்த அபார்ட்மென்ட் என்று பேர் வந்துவிட்டால் வீட்டு விலை விழுந்துவிடும். இந்தப் படத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த ஒரே இடம் அந்தத் தாள்தான், சுத்தியல் இல்லை. கொலைகாரனுக்குப் பயந்தவன் எவனோ ஒருவன். விலைக்குப் பயந்தவர்கள் மொத்தக் கட்டிடமும். இயக்குநர் அந்தத் தாளைக் காட்டிவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டுத் துரத்தல் படம் எடுக்கப் போய்விட்டார். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

சூவோன்வாசி

ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இதற்குப் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. ஏழு வருஷமாகக் கொரியாவில் சூவோன் நகரத்தில் இருக்கிறேன், அபார்ட்மென்ட் வாழ்க்கைதான்.

அந்தக் கையெழுத்துக் காட்சியை வெளியூர்க்காரர்கள் மிகை என்று நினைக்கிறார்கள். இங்கே வீடுகளில் பாதிக்கு மேல் அபார்ட்மென்ட். ஒரு சராசரிக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கும். ‘பூன்யோஹ்வே’ என்று சொல்லும் அந்தப் பெண்கள் சங்கங்கள் நிஜத்திலும் உண்டு. ‘இந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது’ என்று நோட்டீஸ் ஒட்டி விலையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று 2006இல் அரசாங்கமே சில குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. 2020 பிப்ரவரியில்தான் அப்படிக் கூட்டுச் சேர்ந்து விலையேற்றுவதைத் தண்டிக்கும் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஆக, அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் கை இங்கே எல்லோருக்கும் பழகின கை.

இன்னொரு விஷயம். போலீஸைக் கூப்பிடு, போலீஸைக் கூப்பிடு என்கிறீர்கள். 2012 ஏப்ரல் 1 ராத்திரி, இதே சூவோனில், ஒரு பெண்ணை ஒருவன் வீட்டுக்குள் இழுத்துப் போய்விட்டான். அந்தப் பெண் 112க்குக் கூப்பிட்டார். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்றுகூடச் சொன்னார். அழைப்பு 7 நிமிடம் 36 விநாடி இணைப்பில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு அறையிலேயே ஒருவர், புருஷன் பொண்டாட்டி சண்டை போல இருக்கிறது என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. மறுநாள் போலீஸ் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. அழைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் போலீஸ் முதலில் குறைத்துச் சொன்னதும் வெளிவந்தது. தேசியப் போலீஸ் தலைவர் பதவி விலக வேண்டி வந்தது. அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்டவர்களும் குடும்பச் சண்டை என்றுதான் நினைத்ததாகச் சொன்னார்கள்.

இதையெல்லாம் டிவியில் பார்த்த ஊரில், ஆறு வருஷம் கழித்து ஒரு படம் வருகிறது. ஹீரோ போனைக் கையில் எடுக்கிறான், அழுத்தவில்லை. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வெறும் கோழைத்தனமாகத் தெரியாது.

ரசம்சாதம்

இதோ! போதும். நான் வேறு வாதமே வைக்கவில்லை.

2021 நவம்பரில் இன்ச்சியோனில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்வீடு, கீழ்வீடு சத்தத் தகராறு. கத்திக்குத்து நடக்கும் இடத்திலேயே இருந்த இரண்டு போலீஸ்காரர்களும் வெளியே போய்விட்டார்கள். பிறகு வேலையை விட்டு நீக்கினார்கள். சீருடை போட்டவனே ஓடுகிறான், பனியன் போட்டவன் பால்கனியில் நின்று என்ன செய்வான்?

மாடித்தோட்டம்

ஒன்று கேட்கட்டுமா? இவ்வளவு நேரமாகச் சாங்-ஹூனுக்குப் பயமா கணக்கா என்று பட்டிமன்றம் நடத்துகிறீர்கள். கீழே செத்துப்போன பெண் யார்? என்ன வேலை பார்த்தாள்? அந்த நேரத்தில் அங்கே ஏன் ஓடி வந்தாள்? படம் பார்த்து முடித்தபோது எனக்கு அவள் முகம் நினைவில் இல்லை. பெரிய நடிகர்கள் எல்லோரும் அருமை, ஜின் க்யுங் மனைவியாக வந்து பின்பாதியில் தூக்கி நிறுத்துகிறார், எல்லாம் சரி. ஆனால் செத்தவள் ஒரு அலறல் சத்தம் மட்டும்தான். நீங்களும் அப்படியேதான் பேசுகிறீர்கள்.

சூவோன்வாசி சொன்ன ‘குடும்பச் சண்டை’ விஷயத்தை யாரும் பிடித்துக்கொள்ளவே இல்லை பாருங்கள். எனக்கு இந்த முழுப் பேச்சிலும் முக்கியமாகப் பட்டது அதுதான். பயமும் இல்லை, வீட்டு விலையும் இல்லை. பெண் அலறினால் முதலில் வரும் எண்ணமே ‘புருஷனாக இருக்கும்’ என்பது.

அரைகுறைசைக்கோ

மாடித்தோட்டம் அக்கா சொன்னதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. இந்தத் தடவை எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் வருகிறேன், பழையபேப்பர் ஐயா பயம். ஷாட்லண்ட், ஸ்ட்ரா என்று இருவர் 1976இல் அமெரிக்காவில் செய்தது. ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பிடித்து உலுக்கிச் சண்டை போடுவதுபோல நாடகம். அவள் ‘உன்னை யாரென்றே எனக்குத் தெரியாது’ என்று கத்தியபோது, பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் குறுக்கிட்டார்கள். ‘உன்னைப் போய் ஏன்தான் கல்யாணம் பண்ணினேனோ’ என்று கத்தியபோது 19 சதவீதம்.

அதே ஆள், அதே பெண், அதே உலுக்கல். மாறியது ஒரு வாக்கியம்.

பழையபேப்பர்

இது சரியான எண். அக்காவுக்கு நன்றி, உங்களுக்கும்.

சட்டப்பிரிவு

உளவியல் போதும், கொஞ்சம் சட்டம் பேசலாம். கண்ணால் கண்டு சும்மா இருந்தவனைத் தண்டிக்க முடியுமா? ஜெர்மனியில் முடியும். அவர்கள் தண்டனைச் சட்டம் 323சி, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி செய்யாவிட்டால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது அபராதம். எஸ்ஸன் நகரத்தில் 2016இல் வங்கியின் முன்கூடத்தில் ஒரு முதியவர் விழுந்து கிடந்தார். பணம் எடுக்க வந்தவர்கள் அவரைச் சுற்றியும் தாண்டியும் போனது கேமராவில் பதிவாகி, மறு வருஷம் மூன்று பேருக்கு அபராதம் விதித்தார்கள். பிரான்ஸில் இன்னும் கடுமை, ஐந்து வருஷம் வரை.

கொரியாவில் பொதுவாக அப்படி ஒரு கடமை சட்டத்தில் இல்லை. 2016 ஆகஸ்ட்டில் தேஜோனில் டாக்சி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டிரைவருக்கு மாரடைப்பு. பின்னால் இருந்த பயணிகள் டிக்கியிலிருந்து கோல்ஃப் பையை எடுத்துக்கொண்டு, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். டிரைவர் இறந்துபோனார். நாடே கொதித்தது. உதவாதவரைத் தண்டிக்கும் மசோதாவைப் பற்றிப் பேச்சு வந்தது, சட்டமாகவில்லை. குற்றத்தைப் பற்றித் தகவல் சொன்னவர்களைப் பாதுகாக்க மட்டும் 1999இலேயே ஒரு சட்டம் இருக்கிறது.

எந்த நாட்டுச் சட்டமும் சாங்-ஹூனைக் கீழே இறங்கச் சொல்லாது, ஜெர்மனியில்கூட. தனக்குப் பெரிய ஆபத்து இல்லாத அளவுக்கு உதவினால் போதும் என்றுதான் அதுவும் சொல்கிறது. போன் செய்வது அந்த அளவுக்குள் வரும். ஆக, கடைசிவரிசை கேட்பது ஜெர்மன் சட்டம் கேட்பதை விட அதிகமில்லை.

கடைசிவரிசை

சட்டப்பிரிவுக்கு ஒரு டீ என் கணக்கில்.

ரசம்சாதம், சூவோன் கதையையும் இன்ச்சியோன் கதையையும் வைத்து முடித்துவிட்டீர்கள். ஆனால் படத்துக்குள்ளேயே பாருங்கள். அன்றைக்குப் பார்த்தவன் சாங்-ஹூன் ஒருவன் மட்டும் இல்லை, வேறொரு பெண்ணும் பார்த்திருக்கிறாள். அவளைக் கொலைகாரன் தேடி வந்து கொல்கிறான். இதைப் பார்த்துவிட்டு நீங்கள் ‘பார்த்தீர்களா, பயந்தது சரிதான்’ என்கிறீர்கள். நான் தலைகீழாகப் படிக்கிறேன். முதல் நாளே இவன் வாய் திறந்திருந்தால், கொலைகாரன் வெளியே திரிந்து அவளைத் தேடியிருக்க மாட்டான் என்பதற்கு வாய்ப்பு உண்டு. அவள் சாவில் இவன் மௌனத்துக்கும் பங்கு உண்டு. படத்துக்கே இது தெரிகிறது, அதனால்தான் சாங்-ஹூன் அதன் பிறகு உடைகிறான். தெரிந்தும் அங்கே ஐந்து நிமிடம் நிற்காமல் துரத்தலுக்கு ஓடிவிடுகிறது.

மனிதர்கள் இயல்பாகவே ஒதுங்குகிறவர்கள் என்பதையும் நான் நம்பவில்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களில் தெருச் சண்டைகளின் 219 சிசிடிவி பதிவுகளை எடுத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவராவது குறுக்கே புகுந்திருக்கிறார்கள். கூட்டம் கூடக் கூட யாரோ ஒருவர் உதவும் வாய்ப்பும் கூடியிருக்கிறது.

ரசம்சாதம்

தெருவில் நிற்பவன் வேறு, மாடியில் நிற்பவன் வேறு சார். தெருவில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். நான் நகர்ந்தால் நாலு பேர் கூட வருவான் என்ற தைரியம் உண்டு. அபார்ட்மென்ட்டில் ஒவ்வொருத்தனும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கிறான். பக்கத்துப் பெட்டியில் இருப்பவன் முழித்திருக்கிறானா தூங்குகிறானா என்று தெரியாது. நீங்கள் சொன்ன அந்த 219 பதிவும் தெருவில் எடுத்தது. வீட்டு ஜன்னலில் எடுத்த பதிவு ஒன்று காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை விஷயத்துக்கு வருகிறேன். அங்கே உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். முதல் ராத்திரி சொல்லாதவன் மறுநாள் சொன்னால், ‘நேற்று ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி வரும். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் அந்தக் கேள்வி கனமாகிறது. கடைசியில் அவன் பயப்படுவது கொலைகாரனுக்கா, தான் சொல்லாமல் இருந்ததற்கா என்று அவனுக்கே தெரியாது. நீங்கள் இதைக் கணக்கு என்கிறீர்கள். நான் கடன் என்பேன், வட்டி ஏறுகிற கடன்.

கடைசிவரிசை

இது நல்ல இடம். இதைப் படம் சொல்லியிருந்தால் நான் இந்தத் திரியையே தொடங்கியிருக்க மாட்டேன்.

பழையபேப்பர்

கடைசிக் காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே? குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மலை சரிந்து, அத்தனை நாள் புதைந்து கிடந்த பிணங்கள் வெளியே வருவது எனக்கு ரொம்பவே தூக்கலாகத் தெரிந்தது, உப்பு அதிகமான குழம்பு மாதிரி. ஆனால் அதன் பிறகு சாங்-ஹூன் ராத்திரியில் கட்டிடங்களுக்கு நடுவே நின்று, காப்பாற்றுங்கள் என்று கத்திப் பார்க்கிறானே, ஒரு ஜன்னலும் அசையாமல் இருக்கிறதே, அதை இரண்டு தடவை பார்த்தேன்.

கடைசிவரிசை

அந்தக் காட்சிதான் எனக்கு ஏமாற்று என்று பட்டது. ‘நான் மட்டுமா, எல்லோருமே இப்படித்தான்’ என்று பழியைப் பங்கு போட்டுவிட்டான்.

மாடித்தோட்டம்

அப்படி இல்லை. முதல் தடவையாக அவன் அந்தப் பெண் நின்ற இடத்தில் நின்று மேலே பார்க்கிறான். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தாலும், படத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

கடைசிவரிசை

ம். இது எனக்குத் தோன்றவில்லை. மறுபடி பார்க்கிறேன்.

சூவோன்வாசி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏழு வருஷத்தில் உங்களுக்கு இப்படி எதுவும் நேர்ந்திருக்கிறதா? கட்டாயமில்லை, சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

சூவோன்வாசி

நேர்ந்தது. கொலை எல்லாம் இல்லை.

வந்து இரண்டாவது குளிர்காலம். ராத்திரி ஒன்றரை இருக்கும். மேலேயா பக்கத்திலேயா என்று தெரியாத ஒரு வீட்டில் ஒரு பெண் கத்துகிறாள், ஏதோ கனமாக விழுகிற சத்தம், மறுபடி கத்தல். இங்கே பால்கனி முழுக்கக் கண்ணாடி அடைத்திருக்கும், நான் விளக்கைப் போடாமல் போய் நின்றேன். எதிர்ப்பக்கக் கட்டிடத்தில் மூன்று வீட்டில் வெளிச்சம் இருந்தது. ஒன்றில் ஒருவர் நிற்பது தெரிந்தது. அவரும் என்னைப் போலத்தான் நின்றிருப்பார்.

போனை எடுத்தேன். கொரிய மொழி அப்போது எனக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டிப் பார்க்கிறேன். ‘பெண்’ வந்துவிட்டது, ‘சத்தம்’ வந்துவிட்டது, ‘அடிக்கிறான்’ வரவில்லை. அடிக்கிறானா என்றும் தெரியாது. புருஷனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், மாடித்தோட்டம் அக்கா. பொய் சொல்லவில்லை, அதுதான் முதலில் வந்தது. விசா புதுப்பிக்க இரண்டு மாதம் இருந்தது, அதுவும் வந்தது. ஒரு ஐந்து நிமிடம் அப்படியே நின்றிருப்பேன்.

அப்புறம் போலீஸுக்கு இல்லை, சுவரில் இருக்கும் இன்டர்ஃபோனில் காவலாளிக்குப் பேசினேன். வீட்டு எண்ணைச் சொல்லி, ‘மேலே, பெண், சத்தம், ஆபத்து’ என்று நாலு வார்த்தை. அவர் எதையோ வேகமாகச் சொன்னார், எனக்குப் புரியவில்லை. சரி சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் மணிச் சத்தம், நடைச் சத்தம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அமைதி.

ரசம்சாதம்

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. உண்மையாகவே சொல்கிறேன்.

கடைசிவரிசை

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது? மறுநாள் காவலாளியிடம் கேட்டீர்களா?

சூவோன்வாசி

மறுநாள் காலை அவர் பணி மாறிப் போயிருந்தார், வேறு ஆள் இருந்தார். கேட்கலாம் என்று வார்த்தைகளைக்கூட எழுதி வைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டுச் சுவர் ஸ்பீக்கரில் மேலாண்மை அலுவலகம் ஏதோ அறிவித்தது. இங்கே எல்லா வீட்டுக்குள்ளும் அப்படி ஒரு ஸ்பீக்கர் உண்டு. அப்புறம் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு மேல் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகச் சத்தம் போட வேண்டாம், துணி துவைக்கும் இயந்திரம் ஓட்ட வேண்டாம் என்று இருந்தது.